சேர்த்தா, பிரித்தா

ஆகஸ்ட் 4, திங்கள்

எங்கள் பதிப்பகத்தில் ஆங்கிலம் பார்க்கும் மெர்லின் பிரசவ விடுப்பில் போய்விட்டதால் ஆங்கில இலக்கணம் என் தலையில் விழுந்திருக்கிறது. முதலாளி ஹபிபுல்லா பாய் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"பூவராகன், மிச்சம் ஒரே ஒரு பாடம்தான்யா. சின்னப் பாடம். நேரத்தக் குறிக்கிற இங்கிலீஷ் வார்த்தைகள சேத்து எழுதுறதா, பிரிச்சு எழுதுறதான்னு. நீங்க முடிச்சுக் குடுத்துருங்க."

"நான் தமிழ்ப் பிழை திருத்துறவன், பாய்."

"பிழை பிழைதானேய்யா. எந்த பாஷையில இருந்தா என்ன?"

திருச்சியில் போட்டித் தேர்வுக் கைடுகள் இப்படித்தான் பிறக்கின்றன. சம்டைம், சம் டைம், சம்டைம்ஸ். எவ்ரிடே, எவ்ரி டே. அவைல், அ வைல். எல்லாவற்றுக்கும் தமிழில் பொருள் எழுதி, ஆங்கில உதாரண வாக்கியமும் அதன் தமிழும் நானே சொந்தமாக அமைக்க வேண்டுமாம். ஒட்டினால் ஒரு பொருள், வெட்டினால் வேறு பொருள். வெள்ளைக்காரனுக்கு வேறு வேலை இருந்திருக்காது.

என் மனைவி தையல்நாயகி ஜூன் மாதத்திலிருந்து மயிலாடுதுறையில் இருக்கிறாள். காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர். அங்கே மாற்றல் போட்டுவிட்டார்கள். அவள் அம்மா வீடு அதே ஊரில் என்பதால் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. குடும்ப விவரம் என்று எழுத இதற்கு மேல் ஒன்றுமில்லை.

சாயங்காலம் அவளுக்கு, "எப்போது வருகிறாய்?" என்று செய்தி அனுப்பினேன். பதில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் வந்தது. "ஐ வில் கம் சம் டைம்."

நடுவில் இடைவெளி இருக்கிறது. நேற்று வந்திருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்காது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மெர்லின் விட்டுப்போன குறிப்புகளின்படி:

சேர்த்து எழுதினால் 'என்றாவது ஒரு சமயம்'. பிரித்து எழுதினால் 'கொஞ்ச காலம்'. கடைசியில் 'ஸ்' வந்தால் 'சில சமயங்களில்'.

ஆக, நாயகி என்றாவது வருவாள். அல்லது கொஞ்ச காலம் வந்து இருப்பாள். அல்லது 'ஸ்' விட்டுப்போயிருந்தால், சில சமயங்களில் வந்து போவாள். மூன்றும் மூன்று வாழ்க்கை. ஒன்றில் நான் கட்டிலில் பாதி இடம் விட்டுப் படுக்க வேண்டும், இன்னொன்றில் வேண்டாம்.

கை தவறி எழுதியிருப்பாள் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அவள் கான்வென்டில் படித்தவள். ஆங்கிலத்தில் அவள் தவறு செய்து நான் பார்த்ததில்லை. பார்த்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 9, சனி

சாதம் குழைந்துவிட்டது. நாயகி எத்தனை விசில் வைப்பாள் என்று நினைவில்லை. முன்பெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு எழுதி ஒட்டிவிட்டு வேலைக்குப் போவாள். குழம்பு எங்கே, பால்காரருக்கு என்ன சொல்ல வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். நான் சாயங்காலம் சிவப்புப் பேனாவில் ஒற்றுப் பிழைகளைச் சுழித்து அதே இடத்தில் ஒட்டிவைப்பேன். விளையாட்டாகத்தான். ஆரம்பத்தில் சிரிப்பாள். பிறகு ஏனோ சீட்டு எழுதுவதையே நிறுத்திவிட்டாள். கைப்பேசி வந்தபின் சீட்டு எதற்கு என்று நினைத்திருக்கலாம். கதவில் காந்தங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

குழைந்த சாதத்தில் தயிர் விட்டுச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. இரண்டாவது தடவை போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சம் டைம். இடைவெளி இருக்கிறது. மறுபடியும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எங்கள் அலுவலகத்தில் பக்கம் தட்டச்சு செய்யும் பெண் ஜெசிந்தா. நான் எழுதிக் கொடுத்த உதாரண வாக்கியங்களை அடித்து முடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அக்கா நல்லா இருக்காங்களா?" என்றாள்.

"நல்லா இருக்கா. ஏன்?"

"சும்மா கேட்டேன் சார்."

மதியம் பாய் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"என்னய்யா இது? எனிமோருக்கு, 'அவள் இப்போதெல்லாம் என்னோடு பேசுவதில்லை.' அ வைலுக்கு, 'அவள் கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள், பிறகு போய்விட்டாள்.' சம் டைமுக்கும் அவதான். எந்த வாக்கியத்த எடுத்தாலும் ஒரு பொம்பள வீட்ட விட்டுப் போய்க்கிட்டே இருக்கா. பரீட்சைக்குப் படிக்கிற பசங்க கல்யாணமே பண்ணிக்க மாட்டானுங்கய்யா."

"இலக்கணம் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க, பாய்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தானே உங்கள வச்சிருக்கேன்."

பெண்பாலில் எழுதினால் மாணவர்களுக்கு நினைவில் நிற்கும் என்று நினைத்தேன். வேறு காரணம் கிடையாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

துணி துவைத்தேன். அலமாரியைச் சுத்தம் செய்தேன். பழைய செய்தித்தாளுக்கு அடியில் மாமனாரின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்று மடித்தபடி கிடந்தது. பிப்ரவரியில் தவறிப்போனார்.

அந்தச் சுவரொட்டிக்கான வாசகத்தை முதலில் நாயகிதான் எழுதினாள். ஒரு முழுப் பக்கம். சடலம் கூடத்தில் இருக்கிறது, அவள் அடுக்களையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். "எங்களை தவிக்க விட்டு சென்றாயே அப்பா" என்று ஆரம்பம். 'எங்களைத்' என்பதில் 'த்' இல்லை. 'விட்டுச்' என்பதில் 'ச்' இல்லை. கீழே போகப் போக இன்னும் நிறைய. எல்லாவற்றையும் சுழித்துக் கொடுத்தேன். சாவு வீட்டில் இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவள் தம்பி கேட்டான். நான் பார்ப்பேன் என்றேன். ஊரே நின்று படிக்கும் சுவரில் அவள் பெயர் கேலிக்கு ஆளாகக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

தாளை வாங்கிப் பார்த்தாள். அப்படியே நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கடைசியில் பெயரும் தேதியும் மட்டும் போட்டு அடித்தார்கள்.

இன்றைக்கு மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். பெயர், தேதி. பிழை எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று ஒரு குழப்பம். ஜெசிந்தாவின் பெரியம்மா மகன் நாயகியின் திருச்சி அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறானாம். பேச்சுவாக்கில் சொன்னாள்.

"இந்த வருஷம் யாருக்குமே டிரான்ஸ்ஃபர் போடலையாம் சார். கேட்டு வாங்கினவங்க மட்டும்தான் போயிருக்காங்களாம்."

"நாயகிக்குப் போட்டாங்களே."

ஜெசிந்தா விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணனுக்குச் சரியாத் தெரியாம இருக்கும் சார்" என்றாள்.

அப்படித்தான் இருக்க வேண்டும். அலுவலகத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்காது. இதைப் பற்றி நாயகியிடம் கேட்கலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். எப்படிக் கேட்பது என்று வாக்கியம் அமைந்துவரவில்லை. வைத்துவிட்டேன். வரும்போது வீட்டு வாசலில் 'இங்கு கோலம் மாவு கிடைக்கும்' என்று வண்டிக்காரன் பலகை வைத்திருந்தான். 'கோலமாவு' என்று சேர்க்க வேண்டும். சொல்லாமல் வந்துவிட்டேன். உடம்பு சரியில்லையோ என்னவோ.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கடையில் கொழுக்கட்டை வாங்கினேன். உள்ளே பூரணம் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார்.

நாயகியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அப்புறம் ஒரு செய்தி வந்தது. "வொர்க்கிங் ஓவர் டைம்."

இதிலும் இடைவெளி. சேர்த்தால்தான் கூடுதல் நேர வேலை. பிரித்தால் 'காலப்போக்கில்'. காலப்போக்கில் வேலை செய்கிறேன் என்றால் என்ன? காலப்போக்கில் சரியாகிக்கொண்டிருக்கிறது என்கிறாளா? எது சரியாகிறது? அவளுக்கு என்ன கெட்டுப்போயிருந்தது?

சதுர்த்தி அன்றைக்கு எந்த அலுவலகம் திறந்திருக்கும் என்பதும் எனக்குப் புரியவில்லை.

இந்தப் பாடத்தை என்னிடம் கொடுத்திருக்கவே கூடாது. முன்பு அவளுடைய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும், நிம்மதியாக இருந்தேன். இப்போது முழுதும் படிக்கத் தெரிகிறது, ஒன்றும் புரியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். கிரைண்டரை எடுத்துப்போக. அது அவள் அம்மா கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது.

இந்தச் செய்தியில் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. தேதி, கிழமை, கிரைண்டர் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. தெளிவு இவ்வளவு பயமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். பிறகு குழப்பிக்கொள்ளக் கூடாது.

காலை ரயிலில் வந்தாள். இளைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. "இளைச்சுட்டீங்க" என்று அவள் சொன்னாள். நேராக அடுக்களைக்குள் போய்க் கிரைண்டரைப் பார்த்தாள். நான் தெருமுனைக்குப் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே, திருத்துவதற்காக நான் வீட்டுக்கு எடுத்துவந்திருந்த பாடத்தின் மெய்ப்புத் தாள்கள். கையில் என்னுடைய சிவப்புப் பேனா.

தாள் முழுக்கச் சிவப்பு. 'ஷி வென்ட் ஃபார் அவைல்' என்று நான் சேர்த்து எழுதியிருந்ததைக் கோடு கிழித்துப் பிரித்திருந்தாள். 'ஷி கால்ஸ் மீ எவ்ரிடே' என்பதிலும் அப்படியே.

"ஃபார் முன்னாடி வந்தா அ வைலப் பிரிக்கணும். எவ்ரிடேன்னு சேத்தா அன்றாடம் பொழங்குறதுன்னு அர்த்தம், சாதாரணமானதுன்னு. தெனமும்னா பிரிச்சுத்தான் எழுதணும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அதுவும் போக, நான் எங்க தெனமும் கூப்பிட்டேன்?"

பால் பாக்கெட்டைப் பிடித்தபடி நின்றேன். அந்த வாக்கியங்களை எழுத நான் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். யாரைப் பற்றி எழுதினேன் என்று கூடவா தெரியவில்லை?

"நான் என்ன எழுதியிருக்கேன்னு படிச்சியா நீ?"

பேனாவை மூடி வைத்தாள்.

"அப்பாவுக்கு நான் எழுதினத நீங்க படிச்சீங்களா?"

குக்கரில் எதுவும் இல்லை, அடுப்பும் எரியவில்லை, ஆனாலும் அடுக்களைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தமிழ்ல எழுதினா நீங்க படிக்க மாட்டீங்க. திருத்துவீங்க. அதனாலதான் இங்கிலீஷுக்குப் போனேன். அதுலதான் உங்களால ஒண்ணும் பண்ண முடியாது. நிம்மதியா இருந்துச்சு. இப்ப அதுக்கும் பேனாவத் தூக்கிட்டு வந்துட்டீங்க."

"மாற்றல்..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டுத்தான் வாங்கினேன்."

பால் பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மெர்லினின் குறிப்பில் இதற்கு உதாரணம் இல்லை.

பிறகுதான் கேட்டேன். "ஐ வில் கம் சம் டைம்னு அனுப்பின இல்ல. நடுவுல எடம் விட்டிருந்தே. என்னைக்காவது வருவேன்னா, கொஞ்ச நாளைக்கு வருவேன்னா? நாலு வாரமா பாத்துக்கிட்டே இருக்கேன்."

"நாலு வாரமாவா?"

"ஆமா."

"அந்த எடம் நான் விட்டதா, போன் தானா விட்டதான்னு எனக்கே தெரியாது." அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, முழுதாக வரவில்லை. "மெர்லின் நோட்ஸப் பாத்திருப்பீங்க. அகராதியப் பாத்திருப்பீங்க. ஜெசிந்தாகிட்டயும் கேட்டிருப்பீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. எழுதியவரிடம் போய்க் கேட்கும் வழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது.

தாளைத் திரும்பவும் பார்த்தேன். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் தொடவில்லை. 'ஷி வில் கம் ஹோம் சம் டைம்.' நான் பிரித்து எழுதியிருந்தேன். விதிப்படி அங்கே சேர்த்துத்தான் வர வேண்டும். என்றாவது வீட்டுக்கு வருவாள்.

"இத விட்டுட்டியே. இது சேந்து வரணும்ல?"

"தெரியும்."

"அப்புறம்?"

"சேக்கிறதா பிரிக்கிறதான்னு நான் இன்னும் முடிவு பண்ணல."

மதியம் அவளே சமைத்தாள். மூன்று விசில். சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பினாள். கிரைண்டரை எடுத்துப்போகவில்லை.

"பெல்ட்டு அறுந்திருக்கு. சரி பண்ணி வைங்க."

தனக்காகவா, எனக்காகவா என்று கேட்க வாயெடுத்தேன். ஆட்டோ கிளம்பிவிட்டது.

செப்டம்பர் 1, திங்கள்

காந்தி மார்க்கெட் பக்கம் போய்ப் பெல்ட் வாங்கி மாட்டினேன். ஓடுகிறது. உள்ளே எதுவும் போடாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று பாடம் அச்சுக்குப் போக வேண்டிய நாள். நாயகியின் திருத்தங்களை எல்லாம் ஜெசிந்தா போட்டுவிட்டாள். யார் திருத்தியது என்று கேட்கவில்லை, ஆனால் அது என் கையெழுத்து இல்லை என்று கண்டுகொண்டு நாள் முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

ஒரே ஒரு வாக்கியம் பாக்கி. இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டுமென்றால் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் சின்ன வளைவு போடுவோம். பேனாவைத் திறந்து வளைவுகளைப் போட்டும்விட்டேன். கையிலிருந்து தாளை விடத்தான் முடியவில்லை. மொட்டை மாடிக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"அந்த வாக்கியம்," என்றேன். "சேக்கலாமா?"

மறுமுனையில் பஸ் சத்தம் கேட்டது. யாரோ கீரை விலை கேட்டார்கள். எனக்குப் பதில் தெரிந்துவிடும் என்று நினைத்துக் கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வரும்போல இருந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டேன்.

"பெல்ட்டு போட்டீங்களா?" என்றாள்.

"போட்டேன். ஓடுது. நான் கேட்டதுக்கு..."

"இன்னைக்குச் சொல்ல முடியலங்க."

"சரி."

"ஆனா கேட்டீங்கள்ல. நாளைக்கும் கேளுங்க."

கீழே வந்தேன். போட்ட திருத்தம் வேண்டாம், முன்பு இருந்தபடியே இருக்கட்டும் என்றால், சொல்லுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைப்போம். வளைவுகளுக்குக் கீழே புள்ளிகள் வைத்தேன். பிறகு அந்தத் தாளைத் தனியே எடுத்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாணவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்களுக்கு வேறு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். பஸ் என்றாவது வரும். சேர்த்துத்தான்.

பாய் படித்துவிட்டு, "அந்தப் பொம்பள வந்துட்டாளா?" என்றார்.

"தெரியல பாய்."

"தெரியலன்னா நல்லதுதான்யா. போயிட்டான்னு சொல்லாம இருக்கீங்களே."

செப்டம்பர் 3, புதன்

கேட்டேன். இன்றைக்கும் தெரியவில்லை என்றாள். அவள் அம்மாவுக்குக் கால் வீக்கம் என்றாள், பக்கத்து வீட்டில் புதிதாக நாய் வந்திருக்கிறது என்றாள். வெகுநேரம் பேசினோம். நாளைக்கும் கேட்க வேண்டும்.

அந்தத் தாள் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் இருக்கிறது.

எட்டு மணி வாக்கில் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. நாயகிதான். தமிழில் எழுதியிருக்கிறாள். கைப்பேசியில் எனக்கு அவள் தமிழில் எழுதி எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைவில்லை.

"சாப்டிங்களா"

ஒரே சொல். அதற்குள் எத்தனை பிழை என்று என் கண் தானாக எண்ண ஆரம்பித்தது. 'ட்டீ' வர வேண்டும், நடுவில் 'பி' காணோம், கேள்விக்குறி இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, அவள் என்ன கேட்கிறாள் என்று இன்னொரு தடவை படித்தேன்.

'சாப்பிட்டேன்' என்று எழுதினேன். அனுப்பப் போகும்போதுதான், இதுவும் ஒரு திருத்தம்தான் என்று உறைத்தது. அதை அழித்தேன். பிறகு எழுத்தெழுத்தாகத் தேடி அடித்து அனுப்பினேன்.

"சாப்டேன். நீ சாப்டியா"